கூரையிலிருந்து காரை விழுந்தால் வீட்டை விட்டுப் போய்விட வேண்டுமா?

வாசகர் கேள்வி பதில்

மழைக்கு முன்னால் மொட்டை மாடியைச் சுத்தம் செய்வது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி வேறொன்றைத்தான் கேட்கின்றன: எங்கள் வீட்டுக்கு வயதாகிவிட்டது, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்? அதனால் இந்த முறை முழுக்கப் பழைய வீடுகளைப் பற்றியே பேசலாம்.

கேள்வி: 1986இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கடற்கரை நடந்து போகிற தூரம்தான். போன மாதம் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி தெரிகிறது. மேஸ்திரி வந்து பார்த்து ‘பூசிவிட்டால் போதும்’ என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ ‘இந்த மாதிரிக் கட்டடத்துக்கு ஆயுளே 30 வருஷம்தான், இடித்துக் கட்டக் கொடுத்துவிடலாம்’ என்கிறார். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றவர்கள். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, பெசன்ட் நகர், சென்னை

இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் அம்மா. முதலில் உங்கள் கூரைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சும்மா துருப்பிடிப்பதில்லை. சிமெண்டில் காரத்தன்மை அதிகம், அந்தக் காரத்தால் கம்பியின் மேல் ஒரு மெல்லிய தோல் மாதிரி உருவாகி அதைக் காப்பாற்றுகிறது. வருஷக்கணக்கில் காற்றில் இருக்கும் கரியமில வாயு காங்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கம்பி வரைக்கும் அது வந்து சேர்ந்த பிறகு ஈரமும் பட்டால் துரு ஆரம்பம். கடல் பக்கத்தில் காற்றோடு உப்பும் வருவதால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும். துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே இடம் இல்லாததால் கீழே இருக்கும் காங்கிரீட்டைத் தள்ளும். உங்கள் சமையலறையில் விழுந்தது அப்படித் தள்ளப்பட்ட துண்டுதான்.

அப்படியானால் கம்பிக்கு அடியில் எவ்வளவு கனத்துக்குக் காங்கிரீட் இருக்கிறது என்பதுதான் முக்கியம். உங்கள் வீடு கட்டிய காலத்து விதிப்படி தளத்துக்கு 15 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதுவும் காகிதத்தில்தான். வேலை நடக்கும் இடத்தில் கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டைச் செருகிவிட்டு, அதன் மேலேயே சட்டி தூக்கிக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள். கம்பி அமுங்கிப் பலகையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும், அப்படியே கொட்டிவிடுவார்கள். 2000இல் திருத்திய இந்தியத் தர விதியில் கடற்காற்று நேராகப் படுகிற காங்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறார்கள். 15க்கும் 45க்கும் நடுவில் இருக்கிற அந்த வித்தியாசம்தான் சென்னையில் எண்பதுகளில் எழும்பிய எத்தனையோ வீடுகளின் கூரையில் இன்று பொரிந்து தெரிகிறது.

மேஸ்திரி சொல்கிற மாதிரி வெறுமனே பூசுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். என் அக்கா வீட்டில் இதே கதை நடந்தது. ‘கொஞ்சம் பெயர்ந்திருக்குடா, பூசிக்கவா?’ என்று போனில் கேட்டாள். நான் இதே தொழிலில் இருந்துகொண்டு நேரில் போய்ப் பார்க்காமல், சரி பூசிக்கோ என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தக்காரர் துருவைக்கூடச் சுரண்டாமல் சிமெண்டை அப்பி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பார்க்க அழகாக இருந்தது. உள்ளே துரு நிற்கவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு மதியம், முன்பு விழுந்ததைப்போல நான்கு மடங்கு பெரிய துண்டு, அவள் தினமும் உட்கார்ந்து தைக்கும் மிஷின் மேல் விழுந்தது. காலிங் பெல் அடித்ததால் எழுந்து போயிருந்தாள். மிஷினின் இரும்புச் சக்கரம் உடைந்திருந்ததை நான் போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து, ‘பூசிவிடலாமா’ என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தச் சக்கரம்தான் ஞாபகம் வருகிறது.

சரியான வேலை எப்படி இருக்கும் என்றால், முதலில் தளத்துக்குக் கீழே முட்டு கொடுப்பார்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொக்காக ஒலிக்கிற இடமெல்லாம் கொத்தி எடுப்பார்கள். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைகிற அளவுக்குக் கொத்த வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். துருவை முழுக்கச் சுரண்டி, கம்பி எவ்வளவு இளைத்திருக்கிறது என்று அளந்து, நாலில் ஒரு பங்கு போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, அதன்மேல் துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பழைய காங்கிரீட்டோடு ஒட்டுகிற கலவையால் அடைப்பார்கள். இதோடு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். உங்களுக்கு மேல் வீட்டில் சமையலறைக் கழிவுநீர்க் குழாயோ பாத்ரூமோ ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகலை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் சரிசெய்தால், அடைத்த இடத்தை விட்டு அதன் ஓரத்தில் மறுபடி துரு கிளம்பும்.

இனி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 30 வருஷம். அப்படி ஒரு கணக்கு எந்த விதியிலும் கிடையாது. சாதாரணக் கட்டடத்தை வடிவமைக்கும்போது 50 வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்வது வழக்கம். 51ஆம் வருஷம் இடிந்துவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை, அதுவரை பெரிய செலவு வைக்காமல் நிற்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறந்தது, 1975இல் பெரிய தீ விபத்தையும் பார்த்தது, இன்றும் அதில் வேலை நடக்கிறது. அதே சென்னையில் திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் முப்பது வயதுகூட ஆகாத குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் ஒரே நேரத்தில் சரிந்தன. முதல் நாள் இரவே விரிசல் விட்டதைப் பார்த்துச் சனங்கள் வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வயதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்பது விளங்கும்.

அதனால் உங்கள் குடியிருப்பில் உள்ள எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ரிப்பேர் ஒப்பந்தம் எடுக்கிறவராகவோ இடித்துக் கட்டித் தருகிறவராகவோ அவர் இருக்கக் கூடாது. சுத்தியல் சோதனை, ஒலி அலைச் சோதனை, துளையிட்டு எடுத்த காங்கிரீட் துண்டை நசுக்கிப் பார்ப்பது என்று சில சோதனைகள் உண்டு. புதிதாக உடைத்த இடத்தில் பினால்ப்தலீன் என்ற திரவத்தைத் தெளிப்பார்கள், காரம் உயிரோடு இருக்கிற இடம் ரோஜா நிறமாக மாறும், போய்விட்ட இடம் நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்குத் தனிச் சோதனை இருக்கிறது, கடற்கரை வீட்டுக்கு அதையும் கேட்டு வாங்குங்கள். துரு உங்கள் சமையலறையில் மட்டுமா, தூண்களிலும் இருக்கிறதா? தூணில் நெடுக்குவாட்டில் விரிசல் இருந்தால் விஷயம் வேறு.

அறிக்கை வந்த பிறகு இடிப்பதா வேண்டாமா என்று பேசுங்கள். தமிழ்நாட்டில் புது அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம், முன்பு மாதிரி ஒரே ஒருவர் மறுத்தால் எல்லாமே நின்றுபோகும் நிலை இல்லை. இது நல்லதுதான். ஆனால் சரிசெய்யக்கூடிய ஒரு வீட்டை, ‘ஆயுள் முடிந்தது’ என்ற பேச்சைக் கேட்டு மட்டும் இந்த வயதில் நீங்கள் காலி செய்து இரண்டு மூன்று வருஷம் வாடகை வீட்டில் அலையக் கூடாது என்பது என் கவலை.

கேள்வி: பெரிய கோயில் ஆயிரம் வருஷமாக நிற்கிறது, கல்லணை அதற்கும் முந்தியது. என் வீடு கட்டி 25 வருஷத்தில் சன்ஷேடு உடைகிறது. நாம் எங்கே தவறினோம்?
- வாசகர், கும்பகோணம்

தவறு என்று சொல்ல மாட்டேன் ஐயா, பொருள் வேறு. 1010இல் முடிந்த தஞ்சைக் கோயிலில் கல் மேல் கல் ஏறி ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நிற்கிறது. 200 அடிக்கு மேல் போகிற விமானம், உள்ளே ஒரு கம்பி கிடையாது. கருங்கல்லுக்கு அமுக்கினால் ஒன்றும் ஆகாது. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் கூரைகூட அப்படித்தான், 43 மீட்டர் அகலக் காங்கிரீட் குவிமாடம், கம்பி இல்லாமல் சுமார் 1,900 வருஷமாக நிற்கிறது.

உங்கள் சன்ஷேடு சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல்பக்கம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். இழுத்தால் கல்லும் தாங்காது, வெறும் காங்கிரீட்டும் தாங்காது, கம்பிதான் தாங்க வேண்டும். இவ்வளவு மெல்லிசாக, இவ்வளவு மலிவாக, தூண் குறைவாக நாம் வீடு கட்ட முடிகிறது என்றால் அந்தக் கம்பியால்தான். கம்பி வந்ததும் துருவும் கூடவே வந்துவிட்டது.

இரும்புக்கும் உப்புக்கும் நடக்கிற சண்டையைப் பார்க்க வேண்டுமானால் பாம்பனுக்குப் போக வேண்டும். 1914இல் திறந்த ரயில் பாலம், 1964 புயலில் பலத்த சேதம் அடைந்தும் சரிசெய்யப்பட்டு நின்றது. அவ்வளவு காலம் தாங்கியதற்குக் காரணம், விடாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்து, இற்றுப்போன பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் வைத்து 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையையும் சும்மா விட்டுவைக்கவில்லை. மேலே காங்கிரீட் போட்டு, உள்ளே எஃகு வடம் இறக்கி, பின்னால் தாங்கு சுவர் கட்டிப் பலப்படுத்தினார்கள். கல்லணையும் பல முறை பழுது பார்க்கப்பட்டதுதான்.

உங்கள் சன்ஷேடு விஷயத்தில் கம்பி மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ப்பக்கமாகக் கட்டிவிட்டுப் போகிற தப்பை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் ரிப்பேர் செய்து பயனில்லை, உடைத்துப் புதிதாகப் போட வேண்டும்.

கேள்வி: தேவகோட்டை பக்கம் எங்கள் பூர்வீக வீடு, 1920களில் தாத்தாவின் அப்பா கட்டியது. பன்னிரண்டு புள்ளி, அதாவது பன்னிரண்டு குடும்பத்துக்குப் பங்கு. சுவரில் ஓதம் ஏறுகிறது. பத்து வருஷம் முன்னால் கீழ்ச் சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம், அதற்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் மரத்தையும் தூணையும் விற்றுவிட்டு இடத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வீட்டைக் காப்பாற்ற முடியுமா?
- வாசகர், மதுரை

முடியும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. மோசமானதற்குக் காரணம் வயது இல்லை, அந்தச் சிமெண்ட்தான்.

உங்கள் தாத்தாவின் அப்பா காலத்தில் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டுப் பிசைந்து அந்தச் சுவரைப் பூசியிருப்பார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். சிமெண்ட் படாத ஒரு மேல் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சித்திரை மாதத்திலும் குளுகுளுவென்று இருக்கும், முகம் தெரிகிற மாதிரி மின்னும். அந்தச் சுவர் மூச்சுவிடுகிற சுவர். தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், ஏறின ஈரம் சுண்ணாம்பு வழியாகக் காற்றில் போய்விடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. ஈரம் போக இடம் இல்லாமல் இன்னும் உயரமாக ஏறுகிறது, கூடவே வருகிற உப்பு பூச்சுக்குப் பின்னால் உட்கார்ந்து பூத்துச் செங்கல்லையே பொடிப்பொடியாக உதிர்க்கிறது.

இன்னொரு விஷயம் சொல்கிறேன். முதல் கேள்விக்கான பதிலில் கரியமில வாயு கம்பிக் காங்கிரீட்டை எப்படிக் கெடுக்கிறது என்று எழுதினேன் இல்லையா? அதே வாயுவை உறிஞ்சித்தான் சுண்ணாம்பு கெட்டியாகிறது, நாளாக ஆகத் திரும்பவும் கல்லாகிறது. மயிரிழை விரிசல் விட்டால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அதற்குள் படிந்து தானே மூடிக்கொள்வதும் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். கீழ்ச் சுவரின் சிமெண்டை மெதுவாக, செங்கல் உடையாமல் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும், அவசரப்படாதீர்கள். அப்புறம் சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்தவர்களை வைத்துப் பூசுங்கள், காரைக்குடிப் பக்கம் இன்னும் அந்தக் கைகள் இருக்கின்றன. மேலே சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். அதற்கு முன்னால் முற்றத்துத் தண்ணீர் வெளியேறுகிற வடிகாலைத் திறந்து பாருங்கள், ஆள் இல்லாத வீட்டில் அது மண்ணடைத்துக் கிடக்கும். மழைநீர் அஸ்திவாரத்துக்கே இறங்குகிறது என்றால் மேலே என்ன பூசியும் பயன் இல்லை. நாட்டு ஓட்டைப் பிரித்து, உடைந்ததை எடுத்துவிட்டுத் திரும்ப அடுக்குங்கள், சில வருஷத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை அது. உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு குத்தூசியால் குத்திப் பாருங்கள். பர்மாத் தேக்கு நடுவில் நூறு வருஷம் ஆனாலும் இரும்பு மாதிரி இருக்கும், முனையில் ஈரம் பட்டால் மட்டும் ரொட்டி மாதிரி ஊசி உள்ளே போகும்.

பங்காளிகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள். தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டால், அந்த மாதிரி மரம் இனி எந்த விலைக்கும் கிடைக்காது. செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014லிருந்து இருக்கின்றன. பன்னிரண்டு புள்ளியும் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, ஊரிலேயே ஒருவரை வைத்துத் தினம் கதவு ஜன்னலைத் திறந்து மூடினாலே பாதி வீடு பிழைத்துவிடும். பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஒரு ஓடு உடைந்தால்கூட யாருக்கும் தெரியாது, உத்திரம் விழும்போதுதான் தெரியும்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைக்கலாமா?
- வாசகர், சென்னை

1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன், தம்பி. மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிக் காரையைக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. நன்றாக இருந்தால் ஆட்கள் நடமாடத் தாங்கும், ஒரே இடத்தில் ஒரு டன் என்பது அதற்குப் பழக்கமில்லாத பாரம். நடுவில் வைக்கவே வேண்டாம். கட்டாயம் தேவை என்றால் இரண்டு கனமான சுவர்களின் மேல் இரும்பு உத்திரம் போட்டு அதன்மேல் தொட்டி நிற்க வேண்டும், தளத்தை அது தொடவே கூடாது. ஒழுகல் என்று சொல்லி மேலே சிமெண்ட் காங்கிரீட் ஒரு பூச்சு போடச் சொல்வார்கள், அதுவும் பாரம்தான். உடைந்த தட்டோடுகளை மாற்றிச் சந்துகளை அடையுங்கள், போதும்.

கேள்வி: கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. வெட்டினால் மறுபடி வருகிறது.
- வாசகி, திருச்சி

வெட்டினால் வேர் இன்னும் பருக்கும். ஒரு சாண் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பருத்துவிட்டால் அந்த இடத்துச் செங்கல்லை நாலைந்து வரிசை பிரித்து, வேரை முழுக்க எடுத்துவிட்டுக் கட்டுவதுதான் வழி. ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம், சுவர் கெடும்.

கேள்வி: ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு விரிசல். பழையதா, வளர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், கோவை

பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டின் இரண்டு முனைகளையும் சிமெண்டால் ஒட்டுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அங்கேயும் தேதி. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், அடைத்துக்கொள்ளலாம். உடைந்தாலோ விரிசல் கோட்டைத் தாண்டினாலோ அஸ்திவாரம் அசைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். உங்கள் ஊரில் பல இடங்களில் கரிசல் மண், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அதனால் இந்தச் சோதனை உங்களுக்கு அவசியம். கதவு திடீரென்று நிலையில் மாட்டிக்கொண்டாலோ, ராத்திரியில் சுவரிலிருந்து ‘படக்’ என்று சத்தம் வந்தாலோ ஒரு வருஷமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு, மேல்தளம் பொரிந்து தூசியாகக் கொட்டுகிறது. வீட்டுக்காரர் ‘பார்க்கலாம்’ என்று ஆறு மாதமாகச் சொல்கிறார். எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. உடனே வேறு வீடு பார்க்க வசதி இல்லை.
- வாசகி, சென்னை

இதைப் படித்ததும் முதலில் தொட்டிலை நகர்த்துங்கள் அம்மா. துடைப்பக் கட்டையால் கூரையை வரிசையாகத் தட்டிப் பாருங்கள், தட்டும்போது நேர் கீழே நிற்காமல் தள்ளி நில்லுங்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்று கேட்கும், பொக்கான இடம் சொத்தைத் தேங்காய் மாதிரி கேட்கும். பொக்கான இடத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே யாரும் படுக்கவோ உட்காரவோ வேண்டாம், அடுப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். போட்டோ எடுத்துத் தேதியோடு வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் சரி. பதில் இல்லை என்றால் அதே போட்டோவோடு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்தாலும் விழாவிட்டாலும், மழை தொடங்குவதற்குள் வேறு வீட்டுக்கு முன்பணம் சேர்க்கப் பாருங்கள். தொட்டிலுக்கு இடம், உள்சுவர் ஓரமாக, ஜன்னலை விட்டுத் தள்ளி, கூரை ‘டக்’ என்று கேட்ட பக்கம்.